எழுபத்தொன்பதா, எண்பத்தொன்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தமிழ் ஆட்சிமொழி, செம்மொழி, பள்ளியில் கட்டாயப் பாடம், இத்தனை இருந்தும் ஜனவரி 25 வந்தால் மொழிப்போர் மொழிப்போர் என்று மாலையைத் தூக்கிக்கொண்டு ஏன் கிளம்புகிறீர்கள், தமிழை யார் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். மூலக்கொத்தளத்தில் தாளமுத்து, நடராசன் நினைவிடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், வருஷா வருஷம் போகிறவர்களில் நானும் ஒருத்தன், அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கப்பல் கதையை மட்டும் விட்டுவையுங்கள்.

முதலில் காய்கறிக் கடை. பேத்தி நாலாம் வகுப்பு. தெருமுனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், தக்காளி, கத்திரிக்காய், ஒரு கட்டு கீரை. கடைக்கார அம்மா தராசை இறக்கிவிட்டு, "எழுபத்தொம்பது ரூபா ஆச்சு பாப்பா" என்றார். பேத்தி நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "தாத்தா, அது செவன்டி நைனா, எய்ட்டி நைனா?" நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சிரித்துக்கொண்டே "செவன்டி நைன்மா" என்றுவிட்டார். நான் கவனித்தது பேத்தியை இல்லை, அந்த அம்மாவை. ஐந்தாவது தாண்டாதவர் என்று அவரே ஒருநாள் சொல்லியிருக்கிறார். பேச்சை மாற்றிக்கொண்டது அவர்தான். அடுத்த நாளிலிருந்து பேத்தியைப் பார்த்தாலே நேராக ட்வென்டி, தர்ட்டி என்று ஆரம்பித்துவிடுகிறார். (எழுபத்தொன்பதும் எண்பத்தொன்பதும் காதில் குழப்பக்கூடியவைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தானே சின்ன வயசில் வாய்ப்பாடு.)

சரி, கப்பல். சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டு ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான். தொண்ணூறுகளில் ஒரு கப்பலில் தேர்ட் இன்ஜினியராக வந்தவர் விகோ துறைமுகத்துக்காரர். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலின் தலைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும் கலீசியாவில் உள்ள பெரிய மீன்பிடித் துறைமுகம் அது. நாங்கள் அவரை ஸ்பெயின்காரர் என்போம், அவர் "கலேகோ" என்று திருத்துவார். அந்த ஊர் ஆளும் கலேகோ, அந்த ஊர் மொழியும் கலேகோ. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் "இந்தியனா, அப்போ ஹிந்தி பேசு" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எனக்கு அவர் திருத்துவதன் காரணம் புரிந்தது.

ஒரு நாள் ஸ்டோர் ரூம் பூட்டிக்கிடந்தது. அவசரத்தில் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை, "சாபே, சாபே" என்று கையை நீட்டினார். நான் பாட்டுக்குச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்த பிறகுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. ஸ்பானிஷில் சாவிக்கு "யாவே" என்று வேறு சொல். கலேகோவும் போர்ச்சுகீசும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், நடுக்காலத்தில் ஒரே மொழியாகவே இருந்தவை. போர்ச்சுகீசியர் நம் கரையில் இறக்கிவிட்டுப்போன சாவிதான் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஜன்னல் அவர்களுக்கு "ஷனேலா", மேசை "மேசா". மயிலாப்பூர் லஸ் கார்னரில் எத்தனை தடவை பஸ் மாறியிருப்பேன், லஸ் என்றால் வெளிச்சம் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான்.

அப்புறம் ராட்டர்டாம். அங்கே மாலுமிகளுக்கான சீமென்ஸ் கிளப்பில் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசுகிற வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நிற்கிறேன். அம்மாவிடம் பேசினார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கலேகோவுக்கென்று இருக்கிற அந்த "ஷ" ஓசை காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு மகள் போனை வாங்கியிருக்க வேண்டும், மனுஷன் குரல் குழைந்துவிட்டது, கூடவே அந்த "ஷ" காணாமல் போய்விட்டது. மகளிடம் ஸ்பானிஷ். வெளியே வந்ததும் கேட்டேன், அம்மாவோடு ஒரு பாஷை, மகளோடு ஒரு பாஷையா என்று. தோளைக் குலுக்கிவிட்டு, "அவள் படிக்கணுமே" என்றார். சின்ன வயசில் வகுப்பில் கலேகோவில் வாய் திறந்தால் வாத்தியார் "ஒழுங்காப் பேசு" என்பாராம். ஒழுங்கு என்றால் ஸ்பானிஷ். கலேகோ என்றால் பட்டிக்காடு, மாட்டுக்காரன் பாஷை. ரெண்டையும் கலந்து பேசினால் அதற்கும் கேலியாக ஒரு பெயர், "காஸ்ட்ராப்போ". நம் தங்கிலீஷுக்கு அண்ணன்.

அவர் பள்ளிக்குப் போனது ஸ்பெயினைச் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட காலம். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சர்வாதிகாரி பிறந்ததே கலீசியாவில், ஃபெரோல் என்ற ஊரில்.

அந்த மொழிக்குப் பழம்பெருமை இல்லையா என்றால், இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஸ்டீல் நாட்டு ராஜா பத்தாம் அல்போன்சோ, தன் நாட்டு நிர்வாகமெல்லாம் ஸ்பானிஷில் நடத்திக்கொண்டு, மேரி மாதா மேல் பாடிய நானூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கலேகோவில்தான் பாடவைத்தார், ஏனென்றால் பாட்டுக்கு அதுதான் மொழி என்று அப்போது பெயர். அதே காலத்தில் விகோ கடற்கரையில் நின்று ஒரு பெண் அலைகளிடம் என் காதலனைப் பார்த்தீர்களா என்று கேட்கிற பாட்டெல்லாம் இருக்கிறது. நெய்தல் திணை படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படிப்பட்ட மொழியில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து முந்நூறு வருஷம் எழுத்தென்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ராஜாங்கம், கோயில், கோர்ட்டு எல்லாம் ஸ்பானிஷுக்குப் போய்விட்டன, வயலிலும் படகிலும் மட்டும் கலேகோ. "இருண்ட நூற்றாண்டுகள்" என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வாசகர் செம்மொழி என்று எழுதியிருந்தாரே, அந்த இடத்தில் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

மறுபடி தலைதூக்கியது 1863-ல் ரொசாலியா தே காஸ்ட்ரோ என்ற பெண் வெளியிட்ட கவிதைப் புத்தகத்தோடு. கலேகோவுக்கென்று ஓர் அகாதமி 1906-ல் வந்தது, அதுவும் பிழைக்கப்போன கலீசியர்கள் கியூபாவிலிருந்து தள்ளிக்கொடுத்து. (அவர்களும் நம்மைப் போலக் கப்பலேறிப் பிழைத்தவர்கள். அர்ஜென்டினாவில் எந்த ஸ்பெயின்காரர் வந்தாலும் "கஷேகோ" என்று கூப்பிடுகிற அளவுக்குப் போய் நிறைந்துவிட்டார்கள்.) அரசியல் இயக்கம் என்று பார்த்தால் 1916, ஆ கொருன்யா நகரத்தில் ஆரம்பித்த "இர்மாந்தாதெஸ் த ஃபாலா", அதாவது பேச்சுமொழிச் சகோதரர் கழகங்கள். கூட்டம் போட்டால் கலேகோவில்தான் பேசுவோம், பத்திரிகை நடத்தினால் கலேகோவில்தான் எழுதுவோம் என்று நின்றவர்கள். படித்தவன் மேடையேறிப் பட்டிக்காட்டு பாஷையில் அரசியல் பேசுவது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1936 ஜூன் 28-ல் கலீசியாவுக்கான தன்னாட்சிச் சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள், ஜெயித்தது, மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஃபிராங்கோ கூட்டத்தின் ராணுவக் கலகம் வந்துவிட்டது. அதற்காக உழைத்த அலெஷாந்த்ரே பொவேதாவை ஆகஸ்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். கஸ்தெலாவ் என்ற தலைவர், ஓவியரும்கூட, புவனஸ் அய்ரஸில் இருந்துகொண்டு எழுதினார், ஊர் திரும்பாமலே 1950-ல் அங்கேயே போய்ச்சேர்ந்தார்.

பிறகு ஃபிராங்கோ செத்தார், ஜனநாயகம் வந்தது, கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. 1981-ல் தன்னாட்சிச் சட்டம், கலேகோ அந்த மண்ணின் மொழி என்று அதிலேயே எழுதியாகிவிட்டது. 1983-ல் மொழிச் சட்டம், 1985-ல் கலேகோவிலேயே டிவி. மே 17 மொழிக்கான நாள், பொது விடுமுறை, ஒவ்வொரு வருஷமும் ஒரு எழுத்தாளருக்குச் சமர்ப்பணம், ஆனால் அவர் செத்துக் குறைந்தது பத்து வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி. (நம் ஊருக்கு இந்த விதி ரொம்ப அவசியம், சிலை வைப்பதற்காவது.) 2025-ல் பெரிய எழுத்தாளர்களை விட்டுவிட்டுக் கஞ்சிரா தட்டிப் பாடிய கிராமத்துப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஊர்ப்பெயர்ப் பலகையில்கூட கலேகோ பெயர்தான் சட்டப்படி செல்லும். ஸ்பானிஷில் "லா கொருன்யா" என்று எங்காவது எழுதியிருந்தால் ராத்திரியில் யாராவது வந்து அந்த "ல"வை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுப் போவார்கள். இங்கே ரயில்வே ஸ்டேஷன் பலகையில் தார் பூசியவர்களுக்கு அந்த மனுஷர்களை உடனே பிடித்துப்போகும்.

ஆட்சிமொழி, அகாதமி, டிவி, விடுமுறை, பெயர்ப்பலகை. இப்போது நம் வாசகரின் கேள்வியை அங்கே போய்க் கேளுங்கள், இத்தனை இருக்கிறதே, இன்னும் என்ன போராட்டம் என்று.

2024 அக்டோபரில் கலீசிய அரசின் புள்ளிவிவர நிறுவனம் தன் கணக்கெடுப்பை வெளியிட்டது. அன்றாடம் முழுதாகவோ பெரும்பாலுமாகவோ கலேகோ பேசுகிறவர்கள் முதல் தடவையாகப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். ஐந்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளில் 32 சதவீதம் பேருக்குக் கலேகோ பேசத் தெரியாது, அல்லது ஏதோ கொஞ்சம். 2018-ல் அது 24 சதவீதம். ஃபிராங்கோ தடை போட்டும் அடித்தும் சாகாத மொழி இது. ஆட்சிமொழியான பிறகு தேய்கிறது.

எப்படி? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டியது இருக்கிறது. ஸ்பெயின் அரசியல் சட்டப்படி எல்லாரும் ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியது கடமை. 1983 சட்டத்தில் கலீசியர்கள் கலேகோ தெரிந்திருக்க வேண்டியதும் கடமை என்று எழுதினார்கள், தலைநகர் மாட்ரிட்டில் அரசியல் சட்ட நீதிமன்றம் 1986-ல் அந்தக் கடமையை மட்டும் அடித்துவிட்டது. அது கடமை, இது உரிமை. உரிமையை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கடமையை விட முடியாது. இது மாட்ரிட் செய்தது, நமக்குப் பழகிய கதை.

அடுத்தது நமக்குப் பழகாதது. 2007-ல் கலீசிய தேசியவாத அணியும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து ஆண்டபோது பள்ளியில் குறைந்தது பாதிப் பாடம் கலேகோவில் நடக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். இது திணிப்பு, பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும், சுதந்திரம் என்று ஒரு கூட்டம் தெருவுக்கு வந்தது. 2009-ல் ஆட்சி மாறி, ஸ்பெயினின் வலதுசாரி மக்கள் கட்சியின் ஃபெய்ஹோ கலீசியாவின் முதல்வரானார். அவரும் கலீசியாக் கிராமத்துக்காரர்தான், மேடையில் கலேகோ பேசுகிறவர். 2010-ல் அவர் அரசு ஓர் ஆணை போட்டது, அதற்குப் பெயர் "பன்மொழி ஆணை". எவ்வளவு அழகான பெயர் பாருங்கள், யார் இதை எதிர்ப்பார்கள்? கலேகோ, ஸ்பானிஷ், ஆங்கிலம், மூன்றும் சமமாக வளரட்டும் என்றார்கள். உள்ளே பார்த்தால், பாதி என்பது மூன்றில் ஒன்றை நோக்கி இறங்கியிருந்தது. சமூக அறிவியலைக் கலேகோவில் வைத்துக்கொள், கணக்கு ஸ்பானிஷில். பெரிய வகுப்புகளில் கணக்கோடு இயற்பியல், வேதியியல், தொழில்நுட்பமும் ஸ்பானிஷில்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். மழலை வகுப்பில் பெரும்பான்மைப் பிள்ளைகளின் வீட்டுமொழி எதுவோ அது. விகோவிலும் ஆ கொருன்யாவிலும் அது எந்த மொழியாக இருக்கும்?

அந்த ஆணையின் எண் என்ன தெரியுமா? 79. எழுபத்தொன்பது. காய்கறிக் கடையில் நின்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

எதிர்ப்பு சும்மா இல்லை. "கெரேமோஸ் கலேகோ", எங்களுக்குக் கலேகோ வேண்டும் என்ற பெயரில் வாத்தியார்கள், சங்கங்கள், பெற்றோர்கள் சேர்ந்து கலீசியாவின் தலைநகரான சந்தியாகோ தே கொம்போஸ்தேலா வீதிகளை நிரப்பினார்கள். 2010 மே 17-ல் ஊரே அங்கேதான். 2025 பிப்ரவரியில்கூட மறுபடி கூடினார்கள், அந்த ஆணை பதினைந்து வருஷமாக அப்படியே நிற்கிறதே. முன்னால் நிற்கிற அமைப்பு 1986-ல் தொடங்கியது, பெயர் "ஆ மேசா", நம்ம மேசைதான். முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், மொழியை இயல்பாக்குவதற்கான மேசை. எனக்கு இந்த இயல்பாக்குதல் என்ற வார்த்தை ரொம்பப் பிடித்திருக்கிறது. உயர்த்து, போற்று, உலகெங்கும் கொண்டுபோ என்று கேட்கவில்லை. வங்கியில் கணக்கு திறக்க, டாக்டரிடம் வயிற்றுவலி சொல்ல, கோர்ட்டில் வழக்காட, பிள்ளை கணக்கு போட, இதற்கெல்லாம் கலேகோ சாதாரணமாக இருக்கட்டும் என்று கேட்கிறார்கள். நாம் தமிழை ஏற்றி வைத்திருக்கிற உயரத்தில் அது சாதாரணமாக இருக்கவே முடியாது, மாலை வாங்கிக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

தேர்தலில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் நடந்த கலீசியச் சட்டமன்றத் தேர்தலில் கலேகோவைத் தூக்கிப்பிடிக்கிற தேசியவாத அணிக்கு 75-ல் 25 இடம், அவர்கள் வரலாற்றிலேயே அதிகம். மக்கள் கட்சிக்கு 40, ஆட்சி அவர்களிடமே. இதில் ஒரு முடிச்சு. வீட்டில் மூச்சுக்கு மூச்சு கலேகோ பேசுகிற கிராமத்துப் பெரியவர்கள் பெரும்பாலும் மக்கள் கட்சிக்குத்தான் போடுகிறார்கள், கலேகோவுக்காகக் கொடி பிடிக்கிற பலர் ஸ்பானிஷில் வளர்ந்த நகரத்துப் பிள்ளைகள். மொழி ஒரு பக்கம், மொழி அரசியல் இன்னொரு பக்கம். மாட்ரிட் நாடாளுமன்றத்தில் 2023 செப்டம்பரில் கலேகோவிலும் பேசலாம் என்றானபோது, வலதுசாரி வோக்ஸ் கட்சிக்காரர்கள் மொழிபெயர்ப்புக் கேட்கும் இயர்போனைப் பிரதமரின் காலி நாற்காலியில் குவித்துவிட்டு வெளிநடப்பு செய்தார்கள். டிவிக்கு நல்ல காட்சி. கலேகோவுக்கு அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது சந்தியாகோவில், கலேகோ பேசுகிற முதல்வரின் அரசு, நல்ல தாளில் அடித்த ஓர் ஆணை.

இப்போது நம் கதை. டெல்லி மும்மொழி பேசிக்கொண்டு நம் பள்ளிகளுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தால் கத்த வேண்டியதுதான், நானும் கத்துவேன். ஆனால் கணக்கை ஆங்கிலத்தில் மட்டும் நடத்து என்று சென்னையில் எவனும் ஆணை போடவில்லை. போடாமலே நடந்துவிட்டது. என் மகனும் மருமகளும் தங்களுக்குள் தமிழ் பேசுவார்கள், சண்டையும் தமிழில்தான், பிள்ளை பக்கம் திரும்பியதும் "கம் ஹியர், ஈட் திஸ்". பேத்தியின் பள்ளியில் (பெயர் வேண்டாம், எல்லாப் பள்ளியும் அதேதான்) இடைவேளையில் தமிழ் பேசினால் டைரியில் குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள். தமிழ் பாடம் உண்டு, 2006 சட்டம் இருக்கிறதே, அதில் பேத்தி தொண்ணூற்றைந்து மார்க். திருக்குறள் ஒப்பிப்பாள். காய்கறி வாங்கத் தெரியாது.

மகனைத் திட்டினேனா என்றால், திட்டினேன். "அப்பா, அவ படிக்கணுமே" என்றான். ராட்டர்டாமில் கேட்ட அதே வார்த்தை. என்னத்தைச் சொல்ல? எனக்கும் கப்பலில் சோறு போட்டது ஆங்கிலம்தான், மேனுவல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தேன், ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பம்ப்புக்கு எத்தனை வளையம் வேண்டும் என்று மனசுக்குள் எண்ணும்போது ஒண்ணு ரெண்டு மூணு என்றுதான் எண்ணினேன். பேத்தி மனசுக்குள் எந்த மொழியில் எண்ணுகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

கலீசியாவில் அரசாங்கத்தை நம்பி உட்காராமல் சிலபேர் சொந்தமாகவே பள்ளி ஆரம்பித்துவிட்டார்கள். "செமெந்தே", விதை என்று பெயர், முழுக்கக் கலேகோவில், பெற்றோர்களே நடத்துவது. ஸ்பானிஷில் வளர்ந்து, பதினெட்டு இருபது வயசில் இனி கலேகோதான் என்று மாறுகிறவர்களும் உண்டு, "நெயோஃபலாந்தெஸ்", புதுசாகப் பேசுகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். உச்சரிப்பு சரியில்லை, புத்தகப் பேச்சு என்று ஊர்ப் பெரியவர்கள் கேலி செய்தாலும் விடுவதில்லை.

என் தேர்ட் இன்ஜினியரும் ஓய்வுபெற்றுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து வரும். மகள் சந்தியாகோவில் படிக்கப் போன இடத்தில் கலேகோவுக்கு மாறிவிட்டாளாம், இப்போது வீட்டில் அவரிடமும் கலேகோவில்தான் பேசுகிறாள். நல்லதாப் போச்சு, நீங்க என்ன பண்றீங்க என்று கேட்டிருந்தேன். முப்பது வருஷப் பழக்கம், அவள் முகத்தைப் பார்த்தால் தானாக ஸ்பானிஷ்தான் வருகிறது, அவள் கோபித்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தார்.

நானும் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் பேத்தியோடு அதே கடைக்குப் போகிறேன். கடைக்கார அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், பாப்பாவுக்குத் தமிழிலேயே கணக்குச் சொல்லுங்கம்மா, நேரம் ஆனாலும் பரவாயில்லை, நான் நிற்கிறேன் என்று. அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, "இங்லீஷ் மீடியம் பாப்பாதானே சார்" என்றார். இப்போது அவரே மிரட்டுகிறார். அறுபத்தொன்பது வரை தகராறில்லை. நேற்றும் எழுபத்தொன்பதில்தான் தடுக்கியது, பின்னால் நின்றவர் "செவன்டி நைன்" என்று எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார், அந்த அம்மா கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

இப்படிக்கு,
கப்பலை விட்டு இறங்கிய ஒரு வாசகன்,
ராயபுரம், சென்னை - 13